கட்டுத்தறியில் நின்ற சத்தம்

குருக்கம்பாளையம் வியாழக்கிழமைச் சந்தையில் மாட்டோடு மாடாக ஒரு சத்தத்தையும் கட்டி வைத்திருந்தார்கள் என்று சொன்னால், அப்புறம் என்ன ஆச்சு என்றுதான் எங்கள் பக்கத்தில் கேட்பார்கள், அதெப்படி என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், ஏனென்றால் அதற்குத் தண்ணீர் காட்டாதவர்களும், அதன் முதுகில் தயிர்ச் செம்பை வைத்து வெண்ணெய் திரட்டாதவர்களும், அதன் எதிரே நின்று ஒரு வசவாவது வைது தீர்க்காதவர்களும் எங்கள் ஊரில் கம்மி.

அந்தச் சத்தம் முதலில் ஒரு காருக்குள் இருந்தது. கார் பிரணேசுடையது. பிரணேஷ், தேங்காய்க் களத்துக்காரர் தெய்வசிகாமணியின் ஒரே மகன். தெய்வசிகாமணிக்கு ஐந்து களமும் ஓர் எண்ணெய் மில்லும் பேரூராட்சித் தலைவர் நாற்காலியும் இருந்தன. கம்பெனியிலிருந்து வந்தபோது கார் பசுமாடு மாதிரி சாதுவாகத்தான் வந்தது. வீதியில் போனால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்காதது பையனுக்குப் பெரிய குறையாகப் போய், கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் சைலன்சரை அறுத்து எறிந்துவிட்டு, அரைப்படி வாயகலத்துக்கு ஒரு பைப்பை வைத்துக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு அந்தக் கார் நின்றால் டுக்குடுக்கு என்று உறுமும், மிதித்தால் கத்தும், மிதித்த காலை எடுத்தால் பட் பட் படாரென்று வெடித்துப் பின்னால் ஒரு சாண் நெருப்புத் துப்பும். ஆஸ்பத்திரிச் சுவரோரம் வெடித்தான், பெண்கள் பள்ளிக்கூடத்து வாசலில் வெடித்தான், எழவு வீட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்குப் பின்னால் வந்து வெடித்து, அவர்கள் மாரில் அடித்த கையோடு காதைப் பொத்துவதைப் பார்த்துச் சிரித்தான்.

போலீஸ் இல்லையா என்றால், இருந்தது. மேட்டுக்கடை முக்கில் விசிலோடு நின்றது. வண்டி வந்ததும் விசிலை வாய்க்குக் கொண்டுபோகும், நம்பரைப் பார்த்ததும் அதே விசிலால் காதைக் குடைந்துகொள்ளும். கேட்டால், சத்தத்தை அளக்கிற மிஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்பார்கள். இரண்டு வருசமாகப் போயிருந்தது. ஆனால் பால்காரர் வேலப்பனின் பழைய டிவிஎஸ் வண்டியில் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானபோது மறித்து நிறுத்தி, அதிகச் சத்தம் என்று அபராதச் சீட்டு கிழித்துக் கையில் கொடுத்தார்கள். அதை அளக்க மட்டும் அவர்கள் காதே போதுமானதாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. மழை பெய்து தீவனம் மிதமிஞ்சிக் கிடந்ததால் சந்தையில் மாடு எள் விழ இடமில்லாமல் கூடியிருந்தது. நாச்சிமுத்து தன் செவலை எருதை நடத்திக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அதுதான் தொழில். காளைக்கன்று வாங்கி, வளர்த்து, ஏருக்கும் வண்டிக்கும் பழக்கி, விற்பார். அவர் நடத்துவார், அவர் மனைவி மயிலாத்தாள் கயிறு பிடிப்பாள். அப்போது மெயின் ரோட்டில் ஏதோ லாரி குறுக்கே நின்றதென்று பிரணேஷ் காரைச் சந்தைக்குள் விட்டான்.

நாச்சிமுத்து போய்க் காரின் முன்மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். கோபமாக வைக்கவில்லை. மாட்டின் நெற்றியில் வைப்பாரே, அந்த மாதிரி.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. மாடு நிக்குது. ஒதுக்கி விடறேன்."

"கையை எடுய்யா. பெயின்ட் போயிரும்."

"எடுக்கறேனுங்க. நீங்க மட்டும் அந்தச் சத்தத்தை..."

அவன் மிதித்தான். மிதித்த காலை எடுத்தான். வெடித்தது.

கன்றாக இருந்தபோது கையால் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த எருது, தும்பை அறுத்துக்கொண்டு, தன்னை வளர்த்தவர் மேலேயே ஏறிப் போனது. எங்களுக்குத் திரும்பிப் பார்க்கத்தான் நேரமிருந்தது. கூட்டம் சிதறியதில் வழி கிடைத்ததும் கார் போய்விட்டது.

போலீஸ் வந்து எழுதிக்கொண்டது. மாடு மிரண்டு மிதித்ததில் மரணம் என்று எழுதியிருந்ததை ஏட்டு வாசித்துக் காட்டினார். மயிலாத்தாளுக்கு எழுத்து தெரியாது, காது தெரியும்.

"மிரண்டுச்சுன்னு எழுதிப்போட்டீங்க. எதுக்கு மிரண்டுச்சுன்னு எழுதுலீங்களே?"

"அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா."

"ஒரு கட்டம் போட்டுக்க முடியாதுங்களா?"

"அச்சடிச்ச பாரம்மா இது. நம்ம இஷ்டத்துக்குப் போட முடியுமா?"

யார் பார்த்தது என்று கேட்டார்கள். சந்தையை ஏலம் விடுகிறவர் தெய்வசிகாமணி. கடை போட இடம் கொடுக்கிறவரும் அவர்தான். பார்த்தவர்களெல்லாம் அவரவர் மாட்டு வாலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மாட்டுத் தரகர் கிட்டுச்சாமி, பேச்சை நிறுத்தச் சொன்னால் கொட்டாவியிலும் நாலு வார்த்தை பேசுகிறவர், அன்றைக்குத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார், அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். அன்றைக்கு அந்தச் சந்தையில் எழுதிய ஒரே அபராதச் சீட்டு, வெளியே நின்றிருந்த நாச்சிமுத்துவின் மொபட்டுக்கு நம்பர் அழிந்திருந்ததற்காக. அதைக் கொண்டுபோய்ப் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த ஆளிடமே கொடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறு வியாழன் மயிலாத்தாள் சந்தைக்கு வந்தாள். ஆளைக் கொன்ற எருதை அறுப்புக்குக் கொடுத்துவிடு என்று சொல்லாதவர்கள் இல்லை; அது என்ன பண்ணும் பாவம் என்று சொல்லி வீட்டில் கட்டிவிட்டு, வெறும் கயிற்றோடு வந்தாள். வந்து, புருசன் வழக்கமாக நின்ற கட்டுத்தறியில் நின்றாள். போகிறவர் வருகிறவரையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நீ பார்த்தியா, வந்து சொல்லு. அண்ணா, நீங்க பார்த்தீங்களா, வந்து சொல்லுங்க. எல்லோருக்கும் அவசர சோலி இருந்தது. கடைசியில் கூப்பிட ஆளில்லாமல், வானத்தைப் பார்த்து அல்ல, ரோட்டைப் பார்த்து, "அப்ப நீயாவது வந்து சொல்லு" என்றாள்.

அந்நேரம் புறவழிச் சாலையில் கார் கத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டிருந்த சத்தம் பாதியில் நின்றது. கார் நிற்கவில்லை, சத்தம் மட்டும் நின்றது. சோளக்காட்டுக்குள் நின்ற சோளத்தட்டு சாய்ந்தது, ஒரு கோடு போட்ட மாதிரி சந்தையை நோக்கிச் சாய்ந்துகொண்டே வந்தது, ஆட்டுக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள், புழுதி கிளம்பியது, அப்புறம் மயிலாத்தாள் கையிலிருந்த கயிறு விறைத்தது. அவள் ஒரு சுற்றுச் சுற்றித் தறியில் கட்டினாள். டுக்குடுக்கு என்று உறுமிக்கொண்டு, உருவமில்லாமல், ஒரு பெரிய மாட்டு அளவுக்கு அது நின்றது.

எங்கள் ஆட்கள் புதுச் சரக்கைப் பார்த்தால் சும்மா விடுவார்களா. கிட்டுச்சாமிதான் முதலில் வந்தார். கையை நீட்டி, வாய் இருக்கும் என்று தோன்றிய இடத்தில் விட்டு, பல்லைத் தடவிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு பல்லுக்கூடப் போடலீங்க. இளசு."

"சுழி பாருங்க தரகரே" என்றான் ஒருத்தன்.

"சுழி சுத்தமில்லை. முதுகுல ஒண்ணு புரண்டு கிடக்குது. வெச்சிருந்த குடியைக் கெடுக்கிற சுழி."

"அப்ப வாங்குறவன் யோசிச்சுத்தான் வாங்கோணும்."

"விக்கறதுன்னு யாருடா சொன்னா?" என்றாள் மயிலாத்தாள்.

அதற்குப் பிறகு அது சந்தையின் பழக்கத்துக்குள் வந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் அது வாய் வைத்தால் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கி, இரண்டு விரற்கடை இறங்கும். பருத்திக்கொட்டை தின்னாது, எண்ணெய்ப் பிண்ணாக்குத் தின்னும். தயிர்க்காரிகள் செம்பை அதன் முதுகில் வைத்துவிட்டு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வெண்ணெய் மேலே வந்து நிற்கும். கால்நடை டாக்டர் மஞ்சள் வில்லையும் இடுக்கியுமாக வந்து, காது எங்கே என்று அரைமணி நேரம் தேடிவிட்டு, சத்தத்துக்கே காது இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். மடத்துக்குளத்துக்காரன் ஒருத்தன் மட்டும் இதென்ன அதிசயம் என்று கேட்டுவிட்டான். வெளியூர் ஆள், தெரியாமல் கேட்கிறான் என்று அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தோம்.

ஆனால் வெள்ளைச் சேலை நர்சம்மா பிலோமினா வந்த அன்றைக்குத்தான் விசயம் மாறியது. கோழி வாங்க வந்தவர், அதன் உறுமலைக் கேட்டதும் பையைக் கீழே போட்டார். "இது அந்தக் காருடையது. என் வார்டுல பச்சைக் குழந்தைகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது இதுதான்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிக்கொண்டு போனார். அப்புறம் எழவு வீட்டுப் பெண்கள் வந்தார்கள், கணக்குப் பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளைகள் வந்தார்கள், பால்காரர் வேலப்பன் வந்தார். எல்லோர் காதுக்கும் அது யாருடையது என்று தெரிந்திருந்தது. கை ஓங்கினார்கள். மயிலாத்தாள் குறுக்கே நின்றாள்.

"வாயில்லாச் சீவனை அடிக்காதீங்க. இதை ஓட்டுனவன் இருக்கறான்."

ஓட்டினவன் இருந்தான், ஆனால் அவன் இருப்பது ஊருக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. முதலில் கார் ஊமையானது. புதுப் பைப் போட்டான், அதைவிடப் பெரிய பைப் போட்டான், ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஹாரன் போனது, கதவை ஓங்கிச் சாத்தினாலும் பஞ்சை வைத்தது போலச் சாத்திக்கொண்டது, செருப்புச் சத்தம் போனது, செல்போன் அடிக்காமல் போனது, தும்மினால் தலை மட்டும் ஆடியது, கடைசியில் ஒரு காலையில் அம்மா என்று கூப்பிட்டால் வாய் அசைந்தது, அம்மா திரும்பவில்லை. டீக்கடையில் அரைமணி நேரம் நின்று டீ கேட்டான், அவனுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் குடித்துவிட்டுப் போனார்கள். ரோட்டில் நடந்தால் சைக்கிள்காரர்கள்கூட மேலே விட்டார்கள். உடுமலைப் பக்கமிருந்து பெண் வீட்டார் வந்து, "பொண்ணைப் புடிச்சிருக்குதுங்களா மாப்ளே?" என்று கேட்டார்கள், பிடித்திருக்கிறது, பிடித்திருக்கிறது என்று மூன்று தடவை சொன்னான், அவர்கள் பஜ்ஜியைத் தின்று காப்பியைக் குடித்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லையாட்ட இருக்குது" என்று எழுந்து போய்விட்டார்கள்.

தெய்வசிகாமணி நாலு தடியாட்களை ஒரு லாரியோடு சந்தைக்கு அனுப்பினார். சத்தத்தை லாரியில் ஏற்றத் தள்ளினார்கள். அது ஓர் உதை விட்டது. நாலு பேருக்கும் மூன்று நாளைக்குக் காது கேட்கவில்லை, லாரி டிரைவர் பயத்தில் லாரியை விட்டுவிட்டே ஓடிவிட்டான். அப்புறம் தரகு பேச ஆள் அனுப்பினார். எங்கள் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடித்துத்தான் பேசுவது. வந்தவன் துண்டுக்குள் மயிலாத்தாளின் கையைத் தேடினான். அவள் கையை மூடி வைத்திருந்தாள். மூடிய கைக்கு விலை கிடையாது.

"சொந்தக்காரனை வந்து கேக்கச் சொல்லு. என்னுதுன்னு சொல்லட்டும். அவுத்துக் குடுத்தர்றேன்."

அதைத்தான் அவனால் செய்ய முடியாது. என்னுடையது என்றால், அன்றைக்கு வெடித்ததும் அவனுடையது. இல்லை என்றால், ஆயுசுக்கும் ஊமை. வக்கீலைக் கூட்டி வைத்து யோசித்த தெய்வசிகாமணி வேறு வழி பிடித்தார். சந்தையில் ஒரு பெண்பிள்ளை சட்டத்துக்கு மேலான சத்தத்தை வளர்த்துப் பொதுமக்களுக்கு இடைஞ்சல் பண்ணுகிறாள், அதைப் பறிமுதல் செய்து அவள்மேல் வழக்குப் போட வேண்டும் என்று மனு எழுதினார். பறிமுதல் செய்தால் ஸ்டேசனுக்குப் போகும், ஸ்டேசனுக்குப் போனால் வீட்டுக்கு வந்த மாதிரிதான் என்பது அவர் எண்ணம். அவர் பண்ணிய ஒரே தப்பு, அதற்கு முந்தின வாரம் எஸ்.ஐ. மாறியதைக் கவனிக்காதது.

புது எஸ்.ஐ. செண்பகவல்லி சங்கரன்கோவில் பக்கத்து அம்மா. ரிப்பேருக்குப் போன மிஷின் எங்கே என்று கேட்டு, அது ஸ்டேசன் பீரோவுக்குள் உறை பிரிக்காமல் இருப்பதைக் கண்டுபிடித்து, அதோடு சந்தைக்கு வந்தார். மிஷினை நீட்டினார். முள் ஒரு ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏம்மா, இவ்வளவு பெருசா வச்சிருக்கீய. ஆள் குடியிருக்கிற இடம்லா இது. உங்க மேல சீட்டு எழுதணும்னு மனு வந்திருக்கு."

"எழுதுங்க சாமி. ஆனா இது என்னுது இல்லீங்க. வழி தப்பி வந்து நின்னுது, புடிச்சுக் கட்டிப்போட்டேன். அடுத்தவன் மாடு நம்ம காட்டுல மேஞ்சா என்ன பண்ணுவாங்க? பவுண்டுல அடைப்பாங்க. மாட்டைப் புடிச்சுக் கட்டுனவ மேல எந்த ஊர்லயாச்சும் கேசு போடுவாங்களா?"

செண்பகவல்லி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பவுண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார். பேரூராட்சி ஆபீசுக்குப் பின்னால் இன்றைக்கும் பவுண்டு இருக்கிறது, வெள்ளாமையை மேய்ந்த மாட்டை அடைத்து வைக்கிற கல்சுவர்ப் பட்டி. அங்கே ஒரு பெரிய நோட்டு. சொந்தக்காரன் வந்து இது என் மாடு என்று அதில் கையெழுத்துப் போட்டால்தான் மாட்டை விடுவார்கள். போடுவதற்கு முன்னால், மாடு எங்கெங்கே புகுந்து எதை எதை மேய்ந்தது என்பது அதில் எழுதியிருக்க வேண்டும். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, புரட்டி, செண்பகவல்லி மயிலாத்தாளைப் பார்த்தார்.

"மேய்ந்த விவரம்னு கட்டம் இருக்கும்மா. அரைப் பக்கத்துக்கு இருக்கு."

மயிலாத்தாள் அந்த நோட்டைத் தடவிப் பார்த்தாள். புருசன் செத்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் உட்கார்ந்து அழுதாள்.

சத்தத்தைப் பவுண்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அரைப் பக்கம் போதவில்லை. நர்சம்மா தன் வார்டில் அது மேய்ந்த தூக்கத்தை எழுதினார், பிள்ளைகள் பரீட்சையை எழுதினார்கள், ஒப்பாரியைப் பாதியில் விட்ட பெண்கள் செத்தவருக்குச் சேர வேண்டிய அழுகையை அது மேய்ந்துவிட்டது என்று எழுத வைத்தார்கள், வேலப்பன் தன் அபராதச் சீட்டையே கொண்டுவந்து ஒட்டினார். மூன்று நாள் வரிசை நின்றது, கூட ஒரு தாள், இன்னொரு தாள் என்று தைத்துச் சேர்த்தார்கள். ஆனால் முதல் வரியை எல்லோரும் விட்டுவிட்டே எழுதினார்கள். அது யாருக்கென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மயிலாத்தாள் சொல்ல, செண்பகவல்லி எழுதினார்: ஐப்பசி வியாழன் காலை பத்து மணிக்குச் சந்தைக்குள் புகுந்து, செவலை எருதை மிரள வைத்து, நாச்சிமுத்துவை மேய்ந்தது.

"பார்த்த சாட்சி வேணும்லாம்மா" என்றார் செண்பகவல்லி.

கிட்டுச்சாமி துண்டை அவிழ்த்தார். மறுபடி கட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"எழுதுங்கம்மா. தரகன் கிட்டுச்சாமி பார்த்தான். பார்த்ததைச் சொல்ல விடாம என்ற வாயையும் அது மேஞ்சு போச்சு. அதையும் சேத்தி எழுதுங்க."

அவருக்குப் பின்னால் அன்றைக்கு மாட்டு வாலைப் பார்த்துக்கொண்டு நின்ற நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். தெய்வசிகாமணியின் ஏலமும் கடையும் இடமும் எங்கள் கண்ணுக்கு அன்று தெரியவில்லை. மயிலாத்தாள் எங்களில் ஒருத்தருக்கும் நன்றி சொல்லவில்லை, முகம் பார்க்கவும் இல்லை. அதற்கு நாங்கள் யோக்கியதை உள்ளவர்களும் இல்லை.

அடுத்த வியாழன் காலை, பிரணேஷ் பவுண்டு வாசலுக்கு வந்தான். அவன் வந்தது ஒருத்தருக்கும் கேட்கவில்லை, பின்னாலேயே ஓடிவந்த அப்பன் போட்ட கூச்சல்தான் கேட்டது.

"போடாதடா! கையெழுத்துப் போடாத! மேல்கோர்ட்டுக்குப் போலாம்னு வக்கீல் சொல்றாரில்ல!"

பையன் திரும்பி என்னமோ சொன்னான். நரம்பு புடைக்கச் சொன்னான். அப்பன், "என்னடா? என்ன சொல்றே?" என்று கேட்டார். அவன் மறுபடி சொன்னான். "என்னன்னே தெரியலையேடா" என்றார். மூன்று மாதமாக அந்த வீட்டில் நடந்ததெல்லாம் அவ்வளவுதான் என்று எங்களுக்கு அப்போது புரிந்தது. அவன் மெலிந்து போயிருந்தான். பார்த்தால் இரக்கம் வரும் போலத்தான் இருந்தது. எங்களுக்கு வரவில்லை.

செண்பகவல்லி நோட்டைத் திருப்பி வைத்தார். "முதல் வரியில இருந்து படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க. படிக்காமப் போட்டேன்னு பொறவு சொல்லக் கூடாது."

படித்தான். முதல் வரியில் கொஞ்சம் நின்றான். அன்றைக்குச் சந்தையில் எருதின் பக்கம் போகாத கண், மிதிபட்டவர் பக்கம் போகாத கண், அப்போதுதான் மயிலாத்தாள் பக்கம் போனது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனாவை வாங்கி, இது என்னுடையது என்று எழுதி, கையெழுத்துப் போட்டான்.

"போட்டுட்டானுங்களா?"

"போட்டாச்சும்மா."

"எதுக்கு மிரண்டுச்சுங்கறதுக்குக் கீழயேதானுங்களே?"

"அதுக்குக் கீழயேதான்."

மயிலாத்தாள் எழுந்து சத்தத்தின் அருகே போனாள். கழுத்தைத் தடவினாள். அது உறுமலைக் குறைத்துக்கொண்டது. இத்தனை நாளும் அவள் கையால் தின்றதல்லவா. அப்புறம் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்த்த கயிற்றைச் சுருட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கயிறு கொண்டாந்தயா கண்ணு?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் மாட்டைக் கைமாற்றினால் கயிற்றைக் கொடுக்க மாட்டோம். கயிறு பட்டியிலேயே தங்க வேண்டும். வாங்குகிறவன் தன் கயிற்றைக் கொண்டுவந்து போட்டுத்தான் ஓட்டிப் போக வேண்டும். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். தேங்காய்க் களத்தில் வளர்ந்தவனுக்குத் தெரியவில்லை. கயிறு கடை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. யாராவது ஒருத்தர் ஓடிப்போய் ஒரு முழம் வாங்கிக் கொடுத்திருக்கலாம், அட, வாங்கிக்கொள்ளப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பவுண்டைச் சுற்றி ஐந்நூறு பேர் நின்றோம். கிட்டுச்சாமி வாயில் வெற்றிலையைத் திணித்துக்கொண்டார். ஒருத்தரும் பேசவில்லை. அந்த ஊமைத்தனத்தை அவனிடமிருந்துதான் நாங்கள் கற்றுக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் இல்லை என்று தலையாட்டினான். அதனாலென்ன என்பது போல, வா என்று கையைக் காட்டினான்.

அது போயிற்று. பிடிக்கக் கயிறில்லாமல், கட்டத் தும்பில்லாமல், அவன் பின்னாலேயே போயிற்று. வாசலைத் தாண்டியதும் அவனுக்குக் குரல் வந்துவிட்டது. "அப்பா, வந்துருச்சுப்பா" என்று அவன் சொன்னதை எல்லோரும் கேட்டோம். அந்தச் சந்தோசத்தில் காரின் பின்கதவைத் திறந்து வைத்தான். அது காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அவன் வீட்டுக்கு நடந்து, கூடத்தில் ஏறி, நடுவில் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. கூடத்தில் கண்ணாடி என்று ஒன்று மிச்சமில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து கத்தும், தெய்வசிகாமணி போனைக் காதில் வைத்தால் வெடிக்கும், சாமி அறையில் விளக்கேற்றினால் உறுமியே அணைக்கும். கட்டிப்போடலாம் என்று இரும்புச் சங்கிலிவரை வாங்கிப் பார்த்தார்கள். ஒருமுறை கயிறில்லாமல் வந்த மாடு அப்புறம் எந்தக் கயிற்றுக்கும் கழுத்தைக் கொடுக்காது. களத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போகிறோம் என்று கிளம்பினார்கள், அது முன்னாலேயே போய் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. திரும்பி வந்துவிட்டார்கள்.

அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்காமல் இருப்பார்களா. ஒவ்வொரு வியாழனும் சந்தை கூடுகிற நேரத்தில் செண்பகவல்லி மிஷினோடு அந்த வீட்டு வாசலுக்குப் போவார். முள் ஓரத்தில் முட்டும். சொந்தக்காரர் யார் என்பதில் சந்தேகமில்லை, நோட்டிலேயே கையெழுத்து இருக்கிறது. சீட்டு எழுதுவார். ஒரே குற்றத்தை மறுபடி மறுபடிச் செய்கிறவன், இதற்கு முன்னால் செய்ததையெல்லாம் வாசலில் நின்று தன் வாயாலேயே உரக்க வாசித்துவிட்டுத்தான் புதுச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பவுண்டு முறை. மாட்டுக்கு வைத்த முறைதான், சத்தத்துக்கும் அதுவே நிலைத்துவிட்டது. மேல்கோர்ட்டும் அதில் தப்பொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது.

பிரணேஷ் வெளியே வருவான். தலை முடி ஒரு பக்கம் நரைத்துவிட்டது. நோட்டைப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பிப்பான். ஐப்பசி வியாழன் காலை பத்து மணிக்கு. உள்ளே அது உறுமும். அவன் குரலை உயர்த்துவான். செவலை எருதை மிரள வைத்து. கேட்டுக்குப் பக்கத்தில் மயிலாத்தாள் நிற்பாள், சந்தைக்குப் போகிற வழியில் மாட்டோடு நிற்பாள். அந்த எருது அவள் பக்கத்தில் அசை போட்டுக்கொண்டு அமைதியாக நிற்கும், இப்போதெல்லாம் அது எதற்கும் மிரளுவதில்லை.

நாச்சிமுத்துவை மேய்ந்தது என்று அவன் கத்தி முடிப்பான். வீதி முனையில் சைக்கிளில் காலூன்றி நிற்கிற எங்களுக்கே முதல் தடவையிலேயே தெளிவாகக் கேட்டுவிடும்.

மயிலாத்தாள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் குனிந்து, பொறுமையாகச் சொல்லுவாள்.

"கேக்குலீங்க கண்ணு. இன்னொருக்காப் படிங்க."